2147483647: எண்ணின் குணமும் எழுத்தின் குணமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவாக நிகழ்த்திய உரை. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ அந்த ஆசிரியரை நான் நேரில் பார்த்ததில்லை. அவரிடம் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கரும்பலகையில் பெரிதாக ஓர் எண்ணை எழுதுவாராம். "இதைப் பத்தி என்ன தெரியும், சொல்லுங்கடா" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாராம். பலகை நிறையும் வரை வாயைத் திறக்கமாட்டாராம். இன்று அவர் வழியிலேயே போகிறேன். ஒரே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசப் போகிறேன்.

அந்த எண் என் கைக்கு வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக்குத் தேர்வுப் பணிக்காகப் போயிருந்தேன். அலுவலக உதவியாளர் ஒரு வகுப்பின் பெயர்ப் பட்டியலை நீட்டினார். அறுபது மாணவர்கள். பெயர், ஊர், பிறந்த நாள் எல்லாம் வேறு வேறு. கைப்பேசி எண் மட்டும் அறுபது பேருக்கும் ஒன்றே: 2147483647. "எப்படி சார் எல்லாருக்கும் ஒரே நம்பர்? போட்டுப் பார்த்தேன், போகவே மாட்டேங்குது" என்றார்.

விஷயம் இதுதான். மென்பொருள் எழுதியவர் கைப்பேசி எண்ணை 32 பிட் முழு எண்ணாகச் சேமிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த அளவுப் பெட்டியில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. நம் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 என்று தொடங்கும் பத்திலக்க எண்கள். எல்லாமே இதைவிடப் பெரியவை. உள்ளே போக முடியாத ஒவ்வோர் எண்ணுக்கும் பதிலாகப் பெட்டியின் உயரத்தையே தரவுத்தளம் எழுதி வைத்துவிட்டது. நான் விளக்கி முடித்ததும் அவர் கேட்டார்: "அப்போ இந்த நம்பர்ல வேற விசேஷம் ஒண்ணும் இல்லீங்களா சார்?"

விசேஷம் இருக்கிறது. ஆனால் அது அவர் பார்த்த இடத்தில் இல்லை. ஓர் எண்ணைப் பற்றி நாம் சொல்லும் செய்திகள் மூன்று இடங்களிலிருந்து வருகின்றன. சில, எண்ணிலேயே இருப்பவை. சில, அதை எழுதும் முறையிலிருந்து வருபவை. சில, நாம் அதை வைத்துச் செய்யும் வேலையிலிருந்து வருபவை. எண்களுக்குக் கணிதத்தில் நூற்றுக்கணக்கான வகைப்பெயர்கள் உண்டு. ஒரு பெயரைக் கேட்டதும் அது இந்த மூன்றில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் பழக்கம் வேண்டும் என்பதே என் கட்சி. அதற்கு 2147483647-ஐப் போல வசதியான எண் வேறில்லை. மூன்று இடத்திலும் அதற்கு வீடு இருக்கிறது.

1. பலகையும் நெல்லும்

நம் முறைப்படி காற்புள்ளி இட்டால் 2,14,74,83,647. இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்து ஏழு. வாய்விட்டுச் சொன்னால் ஒரு ஒழுங்கும் தெரியாது. யாரோ கண்ணை மூடிக்கொண்டு எழுதிய இலக்கங்கள் போலிருக்கும்.

சதுரங்கப் பலகைக் கதை எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு. முதல் 31 கட்டங்களில் சேர்ந்த நெல்மணிகளை எண்ணினால் 2147483647 வரும். அதாவது 2³¹−1. இரும முறையில் இதை எழுதினால் 1 என்ற இலக்கம் வரிசையாக 31 முறை வரும், வேறெதுவும் வராது. பதின்ம முறையில் முகம் மறைந்திருந்த ஒழுங்கு இரும முறையில் பளிச்சென்று தெரிகிறது.

இங்கே ஒரு நுட்பம். "31 ஒன்றுகள்" என்பது எழுத்தின் குணம். "இரண்டின் ஓர் அடுக்கைவிட ஒன்று குறைவு" என்பது எண்ணின் குணம். எந்த முறையில் எழுதினாலும், எழுதாமலே விட்டாலும் அது மாறாது. இரும எழுத்து அந்தக் குணத்தைக் காட்டும் கண்ணாடி, அவ்வளவே.

2. எழுத்தோடு நிற்கும் வகைகள்

இலக்கங்களைக் கூட்டுவோம். 2+1+4+7+4+8+3+6+4+7 = 46. 4+6 = 10. 1+0 = 1. எண் சோதிடம் பார்ப்பவர் "ஒன்று, சூரியன், ராஜயோகம்" என்பார். இதே எண்ணைக் கணினிக்காரர்கள் பயன்படுத்தும் பதினாறு அடிமானத்தில் எழுதி, அதே முறையில் கூட்டிச் சுருக்கினால் 7 கிடைக்கும். ஏழுக்கு அதிபதி கேது. ஆக, கைகளில் பத்து விரல் இருக்கிற வரை சூரியன், பதினாறு இருந்தால் கேது. இதற்கு மேல் எண் சோதிடத்தைப் பற்றி நான் பேச வேண்டியதில்லை.

கணிதக்காரர்களும் இதே விளையாட்டை விளையாடுவார்கள், கொஞ்சம் நாகரிகமாக. "மகிழ் எண்" என்று ஒரு வகை உண்டு. இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டுங்கள். வந்த எண்ணுக்கும் அப்படியே செய்யுங்கள். கடைசியில் 1 வந்தால் அது மகிழ் எண். நம் எண்ணுக்குச் செய்தால் 260 வருகிறது. பிறகு 40, 16, 37, 58, 89, 145, 42, 20, 4, மறுபடி 16. செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். 1 வராது. ஆகவே இது மகிழாத எண்.

இரும முறையில் செய்து பாருங்கள். 31 ஒன்றுகள், ஒன்றின் வர்க்கம் ஒன்று, கூட்டினால் 31. இரும முறையில் 31 என்பது ஐந்து ஒன்றுகள். கூட்டினால் 5. அது 101. கூட்டினால் 2. அது 10. கூட்டினால் 1. மகிழ்ந்துவிட்டது! உண்மையில் இரும முறையில் எல்லா எண்ணுமே மகிழ் எண்தான். ஒரே எண் ஓர் எழுத்தில் அழுகிறது, இன்னோர் எழுத்தில் சிரிக்கிறது என்றால் அழுகையும் சிரிப்பும் யாருடையவை?

இரும இலக்கங்களில் ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் அதை ஆங்கிலத்தில் "ஓடியஸ்" எண் என்பார்கள், இரட்டைப்படையானால் "ஈவில்" எண். ஒற்றை, இரட்டை என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் ஒலியை வைத்துச் செய்த சிலேடை. வெறுக்கத்தக்கது, தீயது என்று பொருள். நம் எண்ணில் 31 ஒன்றுகள், எனவே வெறுக்கத்தக்க எண். பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம்.

நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த த. ரா. காப்ரேக்கர் வாழ்நாள் முழுவதும் இத்தகைய குணங்களைத் தேடியவர். 6174 என்ற எண்ணை உலகப் புகழ் பெறச் செய்தவர் அவர்தான். தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு "ஹர்ஷத்", மகிழ்ச்சி தருவது, என்று பெயர் வைத்ததும் அவரே. நம் எண் 46-ஆல் வகுபடாது, ஆகவே ஹர்ஷத் இல்லை. இலக்க விளையாட்டுகளில் கணிதச் சாரம் குறைவு என்பது கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டியின் கருத்து. 8712, 9801 ஆகிய எண்கள் தம் தலைகீழ் வடிவத்தின் முழு மடங்காக இருப்பதை எடுத்துக்காட்டி, இதில் ஒரு கணிதவியலாளரை ஈர்க்க எதுவுமில்லை என்று எழுதினார். நான் ஹார்டி அளவுக்குக் கறாராக இருக்கமாட்டேன். காப்ரேக்கரின் கணக்குகளில் நுழைந்து கணிதத்துக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இவை வசிப்பது எழுத்தில், எண்ணில் இல்லை என்பதில் ஹார்டியோடு எனக்குச் சண்டை கிடையாது.

3. எண்ணிலேயே இருப்பது

2147483647 ஒரு பகா எண். இதை 10 அடிமானத்தில் எழுதினாலும், 16-இல் எழுதினாலும், நெல்மணிகளாகக் குவித்து வைத்தாலும், அந்தக் குவியலை ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளும் ஒன்றுக்கு மேற்பட்ட பத்திகளும் கொண்ட செவ்வகமாக அடுக்க முடியாது. பகா எண்களைச் சிறியதிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் இது 10,50,97,565-ஆவது. இதன் சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 21 எண்ணுக்கு ஒன்று பகா எண்.

அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஓர் எண்ணை அதன் அண்டைவீட்டாரை வைத்து எடைபோடுவது நம் ஊர் வழக்கம்தானே. முந்தைய எண் 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள். அடுத்த எண் 2147483648, வெறும் இரண்டுகளின் பெருக்கம், ஒரே ஒரு பகாக் காரணி. 1917-இல் ஹார்டியும் நம் ராமானுஜனும் சேர்ந்து, ஒரு சாதாரண எண்ணுக்கு எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும் என்று ஆராய்ந்தார்கள். எண்ணின் இயல்மடக்கைக்கு மறுபடி இயல்மடக்கை எடுத்தால் வருவதே உத்தேச விடை. இந்த அளவு எண்ணுக்கு அது மூன்று. ஆக, சராசரிக் குடும்பத்தில் மூன்று பேர் இருக்கும் தெருவில், ஒரு பக்கத்து வீட்டில் ஏழு பேர், மறுபக்கம் ஒருவர், நடுவில் நம் ஆள் தனியாக. இரண்டு தள்ளி இரு பக்கமும் பார்த்தால் 2147483645 ஐந்தால் வகுபடும், 2147483649 மூன்றால் வகுபடும். எனவே இதற்கு இரட்டைப் பிறவியும் இல்லை. அந்த 2147483649-ஐ மூன்றால் வகுத்தால் வரும் 715827883 மட்டும் மறுபடி ஒரு பகா எண்.

இதை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். 4294967295. அது 3 × 5 × 17 × 257 × 65537. இந்த ஐந்தும் ஃபெர்மா பகா எண்கள், அதாவது இரண்டின் ஓர் அடுக்கோடு ஒன்றைக் கூட்டி வரும் பகா எண்கள். இன்றுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் இவ்வளவுதான், ஒன்றுகூட மிச்சமில்லை. இன்னும் இரண்டைக் கூட்டினால் 4294967297. அதுவும் பகா எண் என்றுதான் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்தார். நாற்பது ஆண்டு கழித்து அதே ஆய்லர் நம் எண்ணிடம் வந்தார்.

4. வடிவம் திறந்துவிட்ட கதவு

இந்த உரையில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இது.

பழைய கிரேக்கர்கள் "நிறைவெண்" என்று ஒரு வகையைக் கொண்டாடினார்கள். தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளைக் கூட்டினால் தானே கிடைக்கும் எண். 6 = 1+2+3. 28 = 1+2+4+7+14. 2-இன் ஓர் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வருவது பகா எண்ணாக இருந்தால் அதிலிருந்து ஒரு நிறைவெண் செய்யலாம் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டைப்படை நிறைவெண்கள் எல்லாமே அப்படித்தான் வரும் என்று ஆய்லர் நிறுவினார். அதனால் எந்த அடுக்குக்குப் பகா எண் கிடைக்கும் என்பது பெரிய வேட்டையாயிற்று.

இத்தாலியில் கட்டால்டி என்பவர் 17, 19 ஆகிய அடுக்குகளைச் சரிபார்த்தார். அவரிடம் 750 வரையிலான பகா எண்களின் அட்டவணை இருந்தது. 2¹⁹−1 = 524287; அதன் வர்க்கமூலம் 724; அட்டவணை போதுமானது. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்துவிட்டார். அந்த உழைப்புக்குத் தலைவணங்க வேண்டும். ஆனால் 1603-இல் வெளியான நூலில் 23, 29, 31, 37 ஆகியவற்றுக்கும் பகா எண்தான் என்று சொல்லிவிட்டார். சரிபார்க்க முடியாத தூரம் அது. ஃபெர்மா 1640-இல் முதல் அடி கொடுத்தார்: 2²³−1 என்பது 47-ஆல் வகுபடும், 2³⁷−1 என்பது 223-ஆல் வகுபடும். பின்னர் ஆய்லர் 2²⁹−1 என்பது 233-ஆல் வகுபடும் என்றார். நான்கில் மூன்று போயிற்று. 31 மட்டும் நின்றது.

1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரை எந்தெந்த அடுக்குக்குப் பகா எண் கிடைக்கும் என்ற பட்டியல். அதில் 31 இருந்தது. 67-உம் 257-உம் தவறாகச் சேர்ந்திருந்தன. 61, 89, 107 விடுபட்டிருந்தன. ஐந்து பிழைகள் கொண்ட பட்டியலைத் தந்தவரின் பெயர்தான் இந்த வகைக்கே நிலைத்தது: மெர்சென் பகா எண்கள். வகைப்பெயர்கள் வருவதில் நியாயம் பார்க்க முடியாது.

2147483647 பகா எண்தான் என்று ஆய்லர் எப்படிக் காட்டினார்? வர்க்கமூலம் 46340 சொச்சம். அதுவரை உள்ள பகா எண்கள் ஏறத்தாழ 4,800. ஒவ்வொன்றாலும் பத்திலக்க எண்ணை வகுப்பது யாருக்கும் கை ஒடியும் வேலை. அதுவும் 1772-இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஆய்லருக்குக் கண் பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது.

இங்கேதான் எண்ணின் வடிவம் உதவிக்கு வருகிறது. மாணவர்கள் கவனிக்க வேண்டும். கடினமான கணிதம் எதுவும் இல்லை.

ஏதோ ஒரு பகா எண் நம் எண்ணை மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகா எண் எத்தனையோ அத்தனை மணி கொண்ட ஒரு கடிகாரத்தைக் கற்பனை செய்யுங்கள். 1-இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போங்கள், சுற்று முடிந்தால் மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2³¹−1 அந்தப் பகா எண்ணால் வகுபடுகிறது என்றால், 31-ஆவது இரட்டிப்பில் முள் மறுபடி 1-இல் வந்து நிற்கும். 31 பகா எண் ஆனதால் இடையில் எங்கும் திரும்பி வர வழியில்லை. இன்னொரு பக்கம், கடிகாரத்தின் மணிகளைவிட ஒன்று குறைவான தடவை இரட்டித்தால் முள் கட்டாயம் 1-க்கு வரும் என்பது ஃபெர்மாவின் தேற்றம். அப்படியானால் பகா எண்ணிலிருந்து 1 கழித்தது 31-இன் மடங்காக இருக்க வேண்டும். அது இரட்டைப்படையும்கூட, எனவே 62-இன் மடங்கு. மேலே சொன்ன மூன்று அடிகளையும் இப்போது பாருங்கள். 47 = 2×23 + 1. 223 = 6×37 + 1. 233 = 8×29 + 1. அவர்கள் குருட்டாம்போக்கில் தேடவில்லை.

இன்னொரு சல்லடையும் இருக்கிறது. அதே கடிகாரத்தில் 32-ஆவது இரட்டிப்பில் முள் 2-இல் நிற்கும். 2³² என்பது 65536-இன் வர்க்கம். ஒரு வர்க்க எண் மீதி 2 தருகிறது என்றால், வகுக்கும் பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும். இரண்டு சல்லடையையும் சேர்த்தால், வகுத்தி 248க + 1 என்றோ 248க + 63 என்றோ இருந்தாக வேண்டும்.

46340 வரை இப்படிப்பட்ட எண்கள், 1-ஐ விட்டால், 373. அவற்றிலும் பகா எண்களை மட்டும் எடுத்தால் ஏறத்தாழ எண்பது. நாலாயிரத்து எண்ணூறு வேலை எண்பதாகச் சுருங்கிவிட்டது. முதலில் வருவது 311. அதனால் வகுத்தால் மீதி 35. அடுத்தது 1303; மீதி 226. இப்படியே போய் எதுவும் வகுக்கவில்லை என்று பெர்னூலி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் தெரிவித்தார். எட்டாவது மெர்சென் பகா எண் உறுதியாயிற்று. அதோடு எட்டாவது நிறைவெண்ணும்: 2305843008139952128.

பகாத்தன்மை எண்ணின் குணம் என்றேன். அது அங்கே இருப்பது வேறு, நம் கண்ணுக்குப் படுவது வேறு. பத்திலக்கத்தில் ஒழுங்கில்லாமல் கிடக்கும் வேறொரு பகா எண்ணுக்கு, உதாரணமாக இதற்கடுத்த பகா எண்ணான 2147483659-க்கு, இந்தக் கதவு இல்லை. ஆய்லர் அதன்மேல் கை வைத்திருந்தால் நாலாயிரத்துச் சொச்சம் வகுத்தலையும் செய்தே ஆக வேண்டும். "மெர்சென்" என்ற வகைப்பெயர் வெறும் முத்திரையாக இல்லாமல், நிரூபணத்துக்குச் சாவியாக வேலை செய்கிறது. ஒரு வகைப்பெயர் நல்ல பெயரா என்று கேட்டால் நான் வைக்கும் உரைகல் இதுதான்: அதைத் தெரிந்துகொண்டதால் ஏதாவது ஒரு கணக்கு எளிதாயிற்றா? மகிழ் எண் என்று தெரிந்து எனக்கு ஒரு வகுத்தல்கூட மிச்சமானதில்லை.

1811-இல் பார்லோ என்ற ஆங்கிலேயர் தம் எண்கோட்பாட்டு நூலில், இந்த எட்டாவது நிறைவெண்ணைவிடப் பெரியதை இனி யாரும் காணப்போவதில்லை என்று எழுதினார். அவர் சொன்ன காரணம் சுவையானது. இவை வேடிக்கைக்கு உரியவை, பயன் ஏதும் இல்லாதவை, எனவே யார் மெனக்கெடுவார்கள் என்பது. 1876-இல் லூக்கா என்ற கணிதவியலாளர் 2¹²⁷−1 என்ற 39 இலக்கப் பகா எண்ணைக் காட்டினார். அவருடைய சோதனையைப் பின்னர் லெமர் என்பவர் சீர்படுத்தினார். அந்தச் சோதனையில் நம் எண்ணுக்கு வகுத்தல் வரிசையே தேவையில்லை: 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து 2 கழித்து, நம் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளும் வேலையை 29 முறை செய்தால் போதும். பூஜ்யம் வந்தால் பகா எண்.

5. பெட்டியின் உயரம்

இப்போது கல்லூரி அலுவலகத்துக்குத் திரும்புகிறேன். 32 பிட்டில் ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சம் 31. எல்லாவற்றிலும் 1 நிரம்பினால் நம் எண். அதற்கு மேல் இடமில்லை. பெட்டியின் உயரமாக இருப்பது எண்ணின் குணமா? இல்லை. ஒரு காலத்துப் பொறியாளர்கள் எட்டு எட்டு பிட்டாக அடுக்கியதால் வந்தது அது.

அதற்குச் சான்று பக்கத்துப் பெட்டிகளே. 8 பிட் பெட்டியின் உயரம் 127, பகா எண். 16 பிட் பெட்டிக்கு 32767. அது 7 × 31 × 151. 64 பிட் பெட்டிக்கு 9223372036854775807. அது 49-ஆல் வகுபடும். அடுக்குகளில் 7-உம் 31-உம் பகா எண்கள், 15-உம் 63-உம் இல்லை, அதனால் வந்த வேறுபாடு. 32 பிட் பெட்டியின் உயரம் பகா எண்ணாக அமைந்தது, தெருவில் கிடைத்த பணம் போல.

இந்த உயரத்தில் உலகம் அடிக்கடி தலையை இடித்துக்கொள்கிறது. 2014-இல் "கங்னம் ஸ்டைல்" பாட்டின் பார்வைக் கணக்கு இந்த எல்லையை நெருங்கியதால் யூடியூப் பெட்டியை 64 பிட்டாக மாற்ற வேண்டியிருந்தது. யூனிக்ஸ் வழிக் கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1-இலிருந்து விநாடிகளாக எண்ணுகின்றன. 32 பிட் பெட்டியில் எண்ணுபவற்றுக்கு 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்குப் பெட்டி நிரம்பும். அடுத்த விநாடி அவை 1901 டிசம்பருக்குப் போய்விடும். லூக்கா கண்டுபிடித்த "ஹனோய் கோபுரம்" புதிரில் 31 வட்டு வைத்து, விநாடிக்கு ஒன்று நகர்த்தி, ஒரு தவறும் செய்யாமல் ஆடினாலும் இதே 68 ஆண்டு ஆகும். 1970-இல் ஒருவர் ஆடத் தொடங்கியிருந்தால் அன்று காலைதான் கடைசி வட்டு வைப்பார்.

இன்னொரு சம்பவம். 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்களுக்கு ஓர் ஆணை பிறப்பித்தது. மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருளின் ஒரு எண்ணி, 248 நாள் தொடர்ந்து இயங்கினால் நிரம்பி வழிந்து, மின்சாரம் நின்றுபோகக்கூடும் என்பதற்காக. விநாடியை நூறாகப் பிரித்து எண்ணினால் நம் எண் 248 நாளும் சில மணியும் ஆகும். 248! ஆய்லரின் சல்லடையில் வந்த அதே 248. இதைக் கண்டு ஒரு மாணவர் என்னிடம் ஓடி வந்தார். ஆய்லரின் 248 என்பது 8 × 31, எண்ணின் உள்ளிருந்து வந்தது. விமானத்தின் 248 என்பது ஒரு நாளுக்கு 86,400 விநாடி என்ற நம் வழக்கத்திலிருந்து வந்தது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள் என்று தொடக்கத்திலேயே சொன்னேன் அல்லவா, இதற்குத்தான்.

ஆனால் தெருவில் கிடைத்த பணத்தை எடுத்துப் புத்திசாலித்தனமாகச் செலவழித்தவர்களும் உண்டு. கணினியில் சீட்டுக் குலுக்குவது போல எண்களைத் தருவிக்க லெமர் ஒரு வழி சொன்னார்: ஓர் எண்ணை நிலையான ஒன்றால் பெருக்கு, இன்னொரு நிலையான எண்ணால் வகு, மீதியை எடு, அதையே மறுபடி பெருக்கு. இரண்டாவது நிலையான எண்ணாக 2147483647-ஐயும், முதலாவதாக 7-இன் ஐந்தாம் அடுக்கான 16807-ஐயும் 1969-இல் ஐ.பி.எம். கணினிக்காக எடுத்துக்கொண்டார்கள். 1988-இல் பார்க், மில்லர் இருவரும் குறைந்தபட்சத் தரம் இதுவாக இருக்கட்டும் என்று வாதிட்டார்கள். 1-இல் தொடங்கினால் 16807, பிறகு 282475249, பிறகு 1622650073. 1 முதல் 2147483646 வரையுள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு முறை வந்த பிறகுதான் வட்டம் முடியும். அதற்குப் பகாத்தன்மை வேண்டும். ஐந்தாம் அடுக்கை எடுத்தும் வட்டம் உடையாததற்குக் காரணம் நாம் பார்த்த பக்கத்து வீடுதான்: 2147483646-இன் ஏழு பகாக் காரணிகளில் 5 இல்லை. நிரல் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, பத்தாயிரமாவது அடியில் 1043618065 வருகிறதா என்று பார்ப்பார்கள்.

வகுத்தலும் எளிது. 9-ஆல் வகுத்த மீதியைக் காண இலக்கங்களைக் கூட்டினால் போதும் என்று பள்ளியில் படித்தோம். 9 என்பது 10-ஐவிட ஒன்று குறைவு என்பதால் அது நடக்கிறது. 2³¹-ஐவிட ஒன்று குறைவான எண்ணால் வகுக்க, இரும இலக்கங்களை 31, 31 ஆக வெட்டிக் கூட்டினால் போதும். எண்ணின் குணமான பகாத்தன்மை, எழுத்தின் வசதியான 31 ஒன்றுகள், பெட்டியின் உயரம், மூன்றும் ஒரே கருவியில் ஒன்றுக்கொன்று கைகொடுத்தன. பயனற்றவை என்று பார்லோ ஒதுக்கிய நிறைவெண்களின் வேட்டையில் சிக்கிய எண் அது. இன்றைய அளவுகோலில் அந்தக் கருவி பழசாகிவிட்டது. இரகசியக் குறியீட்டு வேலைக்கு அதை நம்பவே கூடாது.

6. அடுத்த படி

கடைசியாக ஒரு வகை. 31 தானே ஒரு மெர்சென் பகா எண்: 2⁵−1. ஆகவே நம் எண் மெர்சென் எண்ணை அடுக்காகக் கொண்ட மெர்சென் பகா எண். இரட்டை மெர்சென் என்பார்கள். இப்படி நான்கே நான்கு பகா எண்கள் தெரியும்: 7, 127, 2147483647, லூக்காவின் 2¹²⁷−1.

படி ஏறிக்கொண்டே போகலாமே என்ற ஆசை வருவது இயல்பு. 5-இலிருந்து 31, அதிலிருந்து 2147483647, அதை அடுக்காக்கினால்? அந்த எண்ணில் 64 கோடியே 64 லட்சத்துக்கு மேல் இலக்கங்கள் இருக்கும். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட பகா எண்ணில், 2-இன் 136279841-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வருவதில், இருப்பதே 4,10,24,320 இலக்கங்கள்தான். அடுத்த படியில் நிற்கும் அந்தப் பூதத்தைக் கணினியில் சோதிப்பது பெரும்பாடு. ஆனால் ஆய்லரின் சல்லடை இங்கேயும் வேலை செய்கிறது. வகுத்தி இருந்தால் அதிலிருந்து 1 கழித்தது நம் எண்ணின் இரட்டிப்பின் மடங்காக இருக்க வேண்டும். 68745 மடங்கில் அகப்பட்டது: 295257526626031. பதினைந்து இலக்கம். படி அங்கே உடைந்தது. பகாத்தன்மை தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதில்லை.

மெர்சென் தம் பட்டியலில் விட்டுவிட்ட 61-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2⁶¹−1 = 2305843009213693951, பகா எண்தான். இதை அடுக்காகக் கொண்ட இரட்டை மெர்சென் எண்ணில் ஏறத்தாழ 6,941 கோடி கோடி இலக்கங்கள். எழுதிப் பார்க்க உலகத்துக் காகிதம் போதாது. அதற்கு ஒரு வகுத்தி இருக்கிறதா என்று, 1772-இன் அதே சல்லடையை வைத்துக்கொண்டு, ஆர்வலர்கள் தங்கள் கணினிகளில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.